செஞ்சிப் பேரூராட்சியும் நம் மக்களும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழாவில் பேச அழைக்கப்படுவோர் பெரும்பாலும் கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசுவர். கல்வியால் நாம் பெற்ற பட்டங்களையும் பணிகளையும் எண்ணி மகிழ்வது இயல்பே. ஆயினும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நாம் நடக்கும் தெருவையும், நாம் குடிக்கும் நீரையும், நம் தெருவிளக்கையும், நம் முன்னோரை அடக்கம் செய்த இடத்திற்குச் செல்லும் வழியையும் தீர்மானிக்கின்ற ஓர் அமைப்பு நம் ஊரிலேயே இருக்கிறது. அதுதான் பேரூராட்சி. தில்லியில் ஆள்வோர் யார், சென்னையில் ஆள்வோர் யார் என்று நம் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். ஆனால், பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பேரூராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை ஒருமுறையேனும் கையில் எடுத்துப் படித்திருக்கின்றனர்? இக்கேள்வியை உங்கள் முன் வைக்கவே யாம் வந்துள்ளோம்.

கோட்டை கட்டிய காலம்

செஞ்சி என்றதும் உலகத்தார் நினைவுக்கு வருவது கோட்டையே. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்றையும் மதிலால் இணைத்துக் கட்டிய பேரரண் அது. கோன் மரபினர், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என இதனை ஆண்டவர்களின் வரிசையை நம் மாணவர் பிழையின்றி ஒப்பிப்பர். 1714இல் களத்தில் வீழ்ந்த தேசிங்குராசன் கதையைத் தெருக்கூத்திலும் பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அக்கோட்டை வெறும் போர் அரண் அன்று; அது ஒரு நகரமாகவே இருந்தது. சக்கரகுளமும் செட்டிகுளமும் நீர் தேக்கின. பெருங்களஞ்சியங்கள் நெல்லைக் காத்தன. கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியே நீர் கொண்டு சென்றனர் என்பர். இன்றைய மொழியில் சொன்னால் குடிநீர், சேமிப்பு, சாலை, காவல் ஆகிய நகர வசதிகள் அனைத்தும் அங்கே இருந்தன. ஆனால், அவ்வசதிகள் எவருக்காக அமைந்தன? நீர் அரண்மனை மாடத்திற்கு ஏறியது. கல் சுமந்தவன் குடிசைக்கு இறங்கிய செய்தி எந்த ஏட்டிலும் இல்லை. கல் உடைத்தவர், மண் சுமந்தவர், தோல் பதனிட்டவர், குதிரைக்குப் புல் அறுத்தவர் ஆகியோர் பெயர்கள் கல்வெட்டில் ஏறவில்லை. உழைக்கும் குலம் ஒன்றின் பெயர் மட்டும் ஒரு மலையின் மீது எப்படியோ தங்கியிருக்கிறது.

இதைச் சொல்வது பழம்பெருமையைக் குறைப்பதற்காக அன்று. ஒரு நகரம் வளர்வது வேறு, அந்நகரத்தில் வாழ்வோர் அனைவரும் வளர்வது வேறு என்னும் உண்மையை நினைவில் நிறுத்துவதற்காகவே சொல்கின்றோம். நகர வசதி எவர் வாசலில் வந்து நிற்கும் என்பதை, முடிவு செய்யும் இடத்தில் அமர்ந்திருப்பவர் எவர் என்பதே தீர்மானிக்கிறது.

யார் பெயர் ஓலையில் இருந்தது?

உள்ளாட்சியின் பெருமையைப் பேசும் போதெல்லாம் உத்தரமேரூர்க் கல்வெட்டு எடுத்துக்காட்டப்படுகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. அவற்றுள் போற்றத்தக்க விதிகள் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குக் கேட்டனர் என்பது வியப்புக்குரியதே.

ஆனால், குடத்தில் போடும் ஓலையில் ஒருவன் பெயர் எழுதப்பட வேண்டுமானால், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். வேதக் கல்வி இருத்தல் வேண்டும். அது பிரமதேய ஊரின் சபை. நிலமும் மனையும் கல்வியும் மறுக்கப்பட்ட மக்களின் பெயர் அக்குடத்திற்குள் விழுந்திருக்க வழியே இல்லை.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் 178 நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை அமைத்தது. எனினும் வாக்கு, வரி செலுத்துவோருக்கே வழங்கப்பட்டது. பின்னர் 1873 முதல் 1876 வரை பர்மிங்காம் நகரத்தின் மேயராக விளங்கிய ஜோசப் சேம்பர்லின், எரிவாயுவையும் குடிநீரையும் தனியாரிடமிருந்து வாங்கி நகராட்சியின் உடைமையாக்கினார். ஊராட்சி என்பது வெறும் வரித்தண்டல் அன்று, மக்கள் வாழ்வை மாற்றும் கருவி என்று அவர் காட்டினார். அதே பர்மிங்காமில் அகலமான புதிய பெருந்தெரு ஒன்றை அமைப்பதற்காக ஏழைகளின் நெருக்கமான குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. இடிக்கப்பட்ட வீடுகளுக்கு ஈடான வீடுகள் அவர்களுக்குப் பெரும்பாலும் கட்டித் தரப்படவில்லை. நகரம் அழகானது, ஏழை இடம் பெயர்ந்தான். இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு வரும்போது இது உதவும்.

நம் மாகாணத்தில் ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்திற்குப் பின் 1884இலும் 1920இலும் வந்த சட்டங்கள் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, நகராட்சி ஆகியவற்றுக்கு உருக்கொடுத்தன. அன்றும் சொத்தும் வரியுமே வாக்குரிமைக்கு அளவுகோல். வாக்குக் கேட்பதற்கு முன், பொதுத்தெருவில் நடக்கும் உரிமையையே நம் தலைவர்கள் கேட்க வேண்டியிருந்தது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். அது அரசாணையாகவும் வெளிவந்தது. இன்று பேருந்து நிலையத்துக்கு நாம் நடந்து செல்லும் தெருவில் அப்பெரியாரின் உழைப்பு கிடக்கிறது.

தடைகளைத் தாண்டிச் சிலர் உயர்ந்தனர். 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சியில் 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை அவர்கள் மேயரானார். 1945இல் என். சிவராஜ் அவர்கள் அப்பதவியை ஏற்றார். ஆயினும் இவை அரிதாகப் பூத்த மலர்கள். ஊர்தோறும் பூக்கும் காலம் வருவதற்கு அரசமைப்புச் சட்டம் தேவைப்பட்டது.

வாக்கும் இருக்கையும்

1948 நவம்பரில் அரசமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை இலட்சிய உலகாகப் புகழ்ந்தோரைக் கடுமையாக மறுத்தார். நம் மக்களுக்குக் கிராமம் எதைத் தந்தது என்பதை அவர் அறிவார். ஆகவே, ஊரை அடிப்படையாகக் கொள்ளாமல் தனி மனிதனையே அடிப்படையாகக் கொண்ட சட்டத்தை அவர் வகுத்தளித்தார். நிலம் இருப்பினும் இல்லாவிடினும், எழுத்து அறியினும் அறியாவிடினும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. குடவோலையின் குடத்திற்குள் நுழைய முடியாதவன் வாக்குப் பெட்டிக்குள் நுழைந்தான்.

வாக்கு வந்தது, இருக்கை வர மேலும் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு அரசமைப்பின் அரணைத் தந்தன. மன்றத்தின் காலம் ஐந்தாண்டு என்றும், மக்கள்தொகைக்கு ஏற்பப் பட்டியல் இனத்தாருக்கு இடம் என்றும், மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் விதிக்கப்பட்டது. தமிழகத்தில் பெண்களின் பங்கு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. உறுப்பினர் இடங்களில் மட்டுமன்றித் தலைவர் பதவிகளிலும் சுழற்சி முறையில் ஒதுக்கீடு என்பது 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது.

அந்த நாற்காலிக்கு நம் மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் அவர்கள் 1997 ஜூன் 30 அன்று தோழர்கள் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் நம்மவர் தலைவராக அமர இயலவில்லை. போட்டியிட ஆளில்லாமல் செய்தனர். வென்றவரை உடனே விலகச் செய்தனர். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. மறுபுறம், 2022 மார்ச்சில் வடசென்னையின் இளம்பெண்ணான ஆர். பிரியா அவர்கள் சென்னை மாநகராட்சியின் மேயராகப் பொறுப்பேற்றார். நம் சமுதாயத்துப் பெண் ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. முருகேசன் சிந்திய குருதிக்கும் இப்பெண் அணிந்த அங்கிக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகளே உள்ளன. இச்சங்கத்தின் வயதும் அதுவேயன்றோ?

பேரூராட்சியின் வேலை என்ன?

தமிழகத்தில் 2022 தேர்தலின்போது 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. கிராமமாகவும் இல்லாமல் பெருநகரமாகவும் ஆகாமல் இடையில் நிற்கும் ஊர்களுக்குரியது பேரூராட்சி. இவற்றைக் கவனிக்க 1981இல் தனி இயக்ககமே ஏற்பட்டது. நம் செஞ்சிப் பேரூராட்சியில் 18 வார்டுகள் உள்ளன. வார்டு உறுப்பினரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். 2022இல் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். அன்றாட நிர்வாகத்தைச் செயல் அலுவலர் நடத்துகிறார்.

சாலை, தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், குப்பை அகற்றல், சந்தை, பேருந்து நிலையம், இடுகாடு, சுடுகாடு ஆகியவை இதன் பொறுப்புகள். நகர உள்ளாட்சிக்கு உரியனவாக அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. குடிசைப் பகுதி மேம்பாடும், நலிந்த பிரிவினரின் நலன் காத்தலும் அப்பதினெட்டில் அடங்கும். எனவே, நம் தெருவுக்குச் சாலை போடுவது எவரும் நமக்குச் செய்யும் தருமம் அன்று. அது அவ்வமைப்பின் கடமை.

பணம் எங்கிருந்து வருகிறது? சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை ஆகியவை ஊரிலிருந்து வருவன. மாநில நிதிக்குழுவும் மத்திய நிதிக்குழுவும் பரிந்துரைக்கும் நிதி மேலிருந்து வருவது. இவற்றுள் நம் பங்கும் உண்டு. நம் ஓட்டு வீட்டுக்கும் வரி உண்டு. நம் மக்கள் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்கும் ஆட்டுக்கும் சுங்கம் உண்டு. ஆகவே, செலவில் பங்கு கேட்பது யாசகம் ஆகாது.

ஊர் என்றும் நகர் என்றும் பிரிக்கும் எல்லைக்கோடே நம் வயிற்றைத் தொடும் கோடு என்பதையும் அறிதல் வேண்டும். 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊராட்சியில் வாழ்ந்த கூலி மக்களுக்கு வேலை கேட்கும் உரிமையைத் தந்தது. பேரூராட்சி எல்லைக்குள் வாழ்ந்த அதே கூலி மக்களுக்கு அவ்வுரிமை எட்டவில்லை. ஒரு சிற்றூரைப் பேரூராட்சியோடு இணைக்கும் பேச்சு எழும்போது, சாலையும் விளக்கும் வரும் என்று மகிழ்வோர் ஒருபுறம். வரி உயரும், வேலை போகும் என்று அஞ்சுவோர் மறுபுறம். இருபக்கக் கணக்கையும் எழுதிப் பார்த்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் படித்த இளைஞர்களே அல்லவா?

நகர உள்ளாட்சிகள் தோன்றிய நாள்முதல் அவற்றோடு நம் மக்களுக்கு ஓர் உறவு இருந்து வருகிறது. அது துடைப்பத்தின் வழி வந்த உறவு. ஊரின் அழுக்கை அகற்ற நம் தாய்மார் விடியற்காலையில் எழுந்தனர். அவ்வலுவலகத்தின் நாற்காலியில் பிறர் அமர்ந்தனர். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. கழிவுநீர்க் குழியில் இறங்கி உயிரிழப்போர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. தூய்மைப் பணியாளர் என்று பெயரும் மாறியது. ஆனால், பல ஊர்களில் நிரந்தரப் பணி குறைந்து ஒப்பந்தப் பணி பெருகியிருக்கிறது. கையுறை வழங்கப்பட்டதா, வருங்கால வைப்புநிதி கட்டப்பட்டதா என்று கேட்க வேண்டியது மன்றம். மன்றத்தில் அதைக் கேட்க வேண்டியவர் நம் உறுப்பினர்.

ஏட்டைப் படிக்கும் கல்வி

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். இருக்கை கிடைத்தும் பல ஊர்களில் அதிகாரம் கிடைக்கவில்லை. ஒதுக்கீட்டு இடத்தில் வென்றவர் பெயருக்கு அமர்ந்திருக்க, ஊரின் பெரிய மனிதர் சொல்லும் இடத்தில் கையெழுத்து விழுகிறது. பெண் உறுப்பினர் வீட்டில் இருக்க, அவர் கணவர் அலுவலகத்திற்கு வருகிறார். இதைப் பிறர் செய்யும் சூழ்ச்சி என்று மட்டும் கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தீர்மானப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாதவரை எவரும் ஆட்டிவைக்கலாம். உட்சாதிப் பிரிவு பேசி நமக்குள் இருவர் மூவராக நின்று வாக்கைப் பிரிப்பதும் உண்டு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நமக்காகவே சொல்லப்பட்ட பழமொழியோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

எமக்குத் தெரிந்த ஓர் ஊரில் நடந்ததைக் கூறுகின்றோம், ஊர்ப்பெயர் வேண்டா. அங்கே கழிவுநீர்க் கால்வாய் பெரிய தெருவில் தொடங்கி, நம் மக்கள் குடியிருப்பின் வாசலில் வந்து நின்றுவிட்டது. மேட்டுத்தெருவின் கழிவெல்லாம் பள்ளத்தில் இருக்கும் நம் தெருவில் தேங்கியது. மூன்றாண்டுகள் மனுக் கொடுத்தனர். நிதி இல்லை என்ற விடையே வந்தது. பள்ளியிறுதி முடித்த ஒரு பெண், பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மன்றத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கினாள். கால்வாயின் முழு நீளத்துக்கும் நிதி ஒதுக்கப்பட்டது அதில் தெளிவாக இருந்தது. அந்நகலோடு தெரு மக்கள் சென்று நின்றபின் நிதி இல்லை என்ற சொல் மறைந்தது. மீதிக் கால்வாய் கட்டப்பட்டது. அப்பெண் முழக்கம் எழுப்பவில்லை, ஏட்டைப் படித்தாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். பேரூராட்சியைப் பொறுத்தவரை அது பொருந்தாது. அங்கே ஏட்டில் எழுதிய சுரைக்காய்தான் கறிக்கு வரும். ஏட்டில் இல்லாதது தெருவுக்கும் வாராது. ஆகவே, அவ்வேட்டைப் படித்தறியும் கல்வியும் கல்வியே.

செஞ்சியின் முன் நிற்கும் கேள்வி

இக்கல்வி நமக்கு இன்று எவ்வளவு தேவை என்பதற்கு நம் கோட்டையே சான்று. 2025 ஜூலையில் பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மராட்டியர் படைத்துறை நிலவமைப்புகள் என்னும் பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. பெருமகிழ்ச்சிக்குரிய செய்தி. பயணிகள் பெருகுவர், விடுதிகள் எழும், சாலைகள் அகலும், மனைவிலை உயரும்.

அதனுடன் ஒரு கேள்வியும் வருகிறது. வளர்ச்சி வரும்போது கோட்டையைச் சூழ்ந்து வாழும் எளிய மக்களின் நிலை யாது? மண்குழாய் நீர் மீண்டும் மாளிகைக்கு மட்டும் ஏறுமா? பர்மிங்காமின் பெருந்தெருவைப்போல் இங்கும் அழகு வருகையில் ஏழை இடம்பெயர வேண்டுமா? எவரையும் குற்றம் சாட்டி இதனைக் கேட்கவில்லை. வருமுன் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்கின்றோம்.

நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்றும் 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் கூறுகிறது. இதை நாம் மதிக்க வேண்டும். கோட்டை நம் அனைவரின் சொத்து. ஆனால், அதே சட்டம் கட்டுமானம் என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுகையில், கழிவுநீர்க் கால்வாய், பொதுக் கழிப்பிடம், பொதுமக்களுக்கான குடிநீர்ப் பணி, மின்வழங்கல் ஆகியவற்றை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஏற்கனவே உள்ள வீட்டை அனுமதியுடன் பழுதுபார்க்கவும் வழி வைத்திருக்கிறது. எனவே, கோட்டைச் சட்டம் இருப்பதால் உங்கள் தெருவுக்குக் கால்வாய் போட இயலாது, குழாய் போட இயலாது என்று நாளை எவரேனும் சொன்னால், சட்டத்தைப் படித்தவன் தலைநிமிர்ந்து விடை கூறலாம். படிக்காதவன் தலைகுனிந்து திரும்ப வேண்டியதுதான்.

மனையைப் பற்றியும் ஒரு சொல். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலத்தைப் பிறருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு நம் முன்னோருக்கு வழங்கினர். நகரம் விரியும்போது, ஊர்ப்புறத்து நிலமெல்லாம் மனையாக மாறும்போது, இத்தகைய நிலங்களே முதலில் கை மாறுகின்றன. நம் வீட்டு மனைக்கும் நம் முன்னோர் நிலத்திற்கும் பட்டா எவர் பெயரில் இருக்கிறது, வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். புல்டோசர் வந்தபின் பதிவேட்டைத் தேடுவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும்.

அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்னும் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. பலகையில் பெயர் மாறினால் மட்டும் போதுமா? பெயர் மாறிய தெருவில் விளக்கு எரிகிறதா, நீர் வருகிறதா என்று பார்ப்பதும் நம் கடமையே.

இனிச் செய்ய வேண்டுவன

இளைஞர்களே, குறை கூறி முடிப்பது ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று. வீட்டுப்பாடம் கொடுத்தே முடிக்க வேண்டும். நான்கு செய்திகளை மட்டும் உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, வாக்காளர் பட்டியல். ஒவ்வொரு தெருவிலும் இருவர் பொறுப்பேற்று, பதினெட்டு வயது நிறைந்தோர் அனைவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றோர் பெயர் விடுபட்டுப் போவது அறியாமலே நடக்கிறது.

இரண்டாவது, பகுதி சபை. சிற்றூருக்குக் கிராம சபை இருப்பதுபோல் நகர்ப்புறத்திற்குப் பகுதி சபைகள் 2022 நவம்பர் முதல் கூட்டப்பட்டு வருகின்றன. அங்கே வார்டு உறுப்பினர் முன்னிலையில் நம் தெருவின் தேவையைச் சொல்லிப் பதிவு செய்யலாம். அண்ணல் பிறந்த நாளில் மாலையிட ஆயிரம் பேர் கூடும் நாம், பகுதி சபைக்குப் பத்துப் பேராகவேனும் செல்ல வேண்டாமா? அழுத பிள்ளைக்குத்தான் பால். அதுவும் அழ வேண்டிய இடத்தில் அழுதால்தான் பால்.

மூன்றாவது, வரி. சொத்துவரியை அரையாண்டுதோறும் தவறாமல் செலுத்தி, இரசீதைப் பத்திரமாக வையுங்கள். வரி இரசீது வெறும் தாள் அன்று. இவ்விடத்தில் யாம் வாழ்கின்றோம் என்பதற்கான சான்று. வரி செலுத்தியவன் கேட்கும் கேள்விக்கு வலிமை கூடும்.

நான்காவது, இச்சங்கத்திற்கு எம் வேண்டுகோள். மாலைநேர வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கின்றீர்கள். அவற்றோடு மாதம் ஒரு நாள் பேரூராட்சி வகுப்பு நடத்துங்கள். வரவு செலவுத் திட்டம், தீர்மான நகல், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, பட்டா, 'அ' பதிவேடு ஆகியவையே பாடநூல்கள். ஓய்வுபெற்ற எழுத்தர்களும் வருவாய் ஆய்வாளர்களும் நம்முள் உள்ளனர், அவர்களே ஆசிரியர்களாகட்டும். பெண்களை முன்வரிசையில் அமர்த்துங்கள். பாதி இடம் அவர்களுக்கு உரியது. பெயருக்கு நில்லாமல் பேசி நடத்தும் உறுப்பினர்கள் அவர்களிலிருந்து தோன்ற வேண்டும்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைவுறும். அக்காலம் முடிந்தவுடன் தேர்தல் வந்தே தீரும் என்று இருந்துவிடவும் கூடாது. 1991 முதல் 1996 வரையிலும், 2016 முதல் 2022 வரையிலும் மன்றங்கள் இன்றித் தனி அலுவலர்களே ஆண்ட காலங்களும் உண்டு. அத்தகைய காலத்தில் நம் குரலை எடுத்துச் சொல்ல உறுப்பினரும் இல்லாமற் போவர். அப்போது மனு எழுதவும் நகல் கேட்கவும் தெரிந்த மக்களே தமக்குத் தாமே உறுப்பினர். தேர்தல் வந்தால் தகுதியுள்ளோரை நிறுத்துவோம். வாராவிடில் கேள்வி கேட்போரைப் பெருக்குவோம். இரண்டுக்கும் தேவைப்படும் கல்வி ஒன்றே.

இச்சங்கம் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளை எழுதவும் படிக்கவும் செய்தது. பலரை அரசுப் பணியிலும் அமர்த்தியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அப்படிப்பு நம் தெருவுக்குத் திரும்பி வர வேண்டும். பொன்விழாவில் இம்மேடையில் பேசுபவர், செஞ்சிப் பேரூராட்சியின் ஏட்டைப் படித்தறிந்த தலைமுறை இங்கே உருவாயிற்று என்று கூறுவாராக.